மீண்டும் ஆக்குவோர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு காணும் அவையில் கவிதையைப் பற்றிப் பேசுவதே முறை. அதற்குத் தகுதியுடையோர் இம்மேடையில் பலர் இருக்கின்றனர். கணினித் தொழிலில் இருக்கும் என்னை அழைத்தவர்கள், ‘உங்கள் தொழிலிலிருந்து எங்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே, எங்கள் துறையினரிடையேகூட அதிகம் பேசப்படாத ஒரு பணியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நிரல்களைப் படைப்பவர் உண்டு, பயன்படுத்துவோர் உண்டு. இவ்விருவர்க்கும் இடையில், படைத்ததை மீண்டும் மீண்டும் ஆக்கித் தரும் பட்டறை ஒன்று உண்டு. அந்தப் பட்டறையைப் பேணுவோரைப் பற்றியதே என் பேச்சு. கேட்டு முடிக்கும்போது, இது ஏடு படியெடுத்தோரின் கதை என்றும், நம் வட்டத்தின் கதை என்றும் உங்களுக்குத் தோன்றுமானால் என் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வேன்.

முதலில் சில அடிப்படைச் செய்திகள். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கினர். அதன் வழியில் 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கினார். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர், உலகெங்கும் பலர் இலவசமாக எழுதித் தந்த நிரல்களை ஒழுங்காகத் தொகுத்து வழங்க ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்கு டெபியன் என்று பெயரிட்டார். கவிஞர்கள் இந்தப் பெயர்க்காரணத்தை விரும்புவீர்கள் என்று நினைக்கிறேன். அது முப்பதாண்டுகளைக் கடந்து இன்றும் தன்னார்வலர்களால் நடக்கிறது. 2023 செப்டம்பரில் அதன் உலக மாநாடு நம் அண்டை மாநிலத்துக் கொச்சியில் கூடியது. சென்னைச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் அந்தப் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஆகவே டெபியன் நமக்கு அயலானதன்று. நம் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு வேறு பெயரில் வந்து சேர்ந்தது.

நிரலை எழுதுபவர் தருவது மூலநிரல். அது மனிதர் படிக்கத்தக்கது. கணினிக்கு அதை அப்படியே கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது. நெல்லை அப்படியே உண்ண முடியுமா? அவித்து, குத்தி, புடைத்து, உலையிலிட்டுச் சோறாக்க வேண்டும். அதுபோல மூலநிரலைக் கம்பைலர் என்னும் மற்றொரு நிரல், கணினியின் சிப்புக்குப் புரியும் வடிவமாக மாற்றுகிறது. அவ்வாறு ஆக்கியதைக் கட்டி, ‘இது இன்னது, இன்னார் எழுதியது, இது இயங்க இவையிவை உடன் வேண்டும்’ என்று சீட்டு எழுதி ஒட்டி வைப்பதைத்தான் பாக்கேஜ் என்பர். நாம் அதைப் பொதி என்போம். உப்பையும் தானியத்தையும் மாட்டின்மேல் ஏற்றிச் சென்ற வணிகர் வழி வந்த இந்த மண்ணுக்குப் பொதி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியனின் 13ஆம் பதிப்பில் 69,830 பொதிகள் உள்ளன. கணினிகளில் சிப்பு வகைகள் பல. ஒரே நெல்லை ஏழுவகை அடுப்பில் சமைப்பதுபோல, ஒரே மூலத்தை ஏழுவகைச் சிப்புகளுக்கும் தனித்தனியே ஆக்க வேண்டும். பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்களே இதைச் செய்கிறார்கள்.

தொடக்கத்தில், பொதியைக் கட்டுபவர் தம் சொந்தக் கணினியிலேயே ஆக்கி அனுப்பிவிடுவார். 1990களில் மோட்டோரோலா சிப்பு கொண்ட பழைய கணினிகளுக்கும் டெபியனைக் கொண்டுசெல்லச் சிலர் முயன்றபோது, அக்கணினிகளின் வேகம் போதவில்லை. ஒருவர் கணினி முன் அமர்ந்து ஒவ்வொன்றாக ஆக்கி முடிப்பது இயலாத செயல். ஆகவே ரோமன் ஹோடெக் என்பவர், ‘எது இன்னும் ஆகவில்லை, யார் எடுத்துக்கொள்வது’ என்று பட்டியலிட்டுப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டை எழுதினார். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கட்ட ஆசையா’ என்று வரும். அந்த ஏற்பாட்டின் வழி வந்த பட்டறைதான் இன்றும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. வறியவனின் அடுப்பிலிருந்தே பெரிய மடைப்பள்ளி பிறந்தது எனலாம்.

அப்பட்டறையின் முதல் விதி, ஒவ்வொரு பொதியையும் வெற்று அறையில் ஆக்க வேண்டும் என்பது. ஒரு பொதியை ஆக்கத் தொடங்கும்போது, கணினிக்குள் மிகக் குறைந்த கருவிகள் மட்டும் உள்ள தூய்மையான ஓரிடம் அமைக்கப்படும். பொதியின் சீட்டில் ‘என்னை ஆக்க இவை தேவை’ என்று எவை எழுதப்பட்டனவோ அவை மட்டுமே அவ்விடத்தில் வந்து சேரும். எழுதாத ஒன்று தேவைப்பட்டால் ஆக்கம் முறிந்துவிடும். முறிந்த செய்தி பதிவாகும்.

இதன் அருமையை நம் வீட்டுச் சமையற்கட்டு அறியும். வெள்ளைப் பணியாரத்துக்குப் பக்குவம் கேட்டு ஓர் ஆச்சியிடம் எழுதி வாங்குகிறோம். பச்சரிசி, உளுந்து, உப்பு, எண்ணெய் என்று நான்கே பொருள். அயல்நாட்டில் இருக்கும் பேத்தி அதன்படி செய்கிறாள், வரவில்லை. எந்த அரிசி, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், மாவு எந்தப் பதத்தில் விழ வேண்டும் என்பதெல்லாம் ஆச்சியின் கையில் இருந்தன, தாளில் இல்லை. ஆச்சி மறைக்கவில்லை. தம் வீட்டில் எப்போதும் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தன் வீட்டில் ஆவது பிறர் வீட்டிலும் ஆகுமா என்று சோதிக்கும் இடமே வெற்று அறை. 2019 ஜூலையில் டெபியனின் வெளியீட்டுக் குழு இதைக் கண்டிப்பான விதியாக்கியது. அதன்பின் ஒருவர் தம் கணினியில் ஆக்கிய வடிவம் அடுத்த பதிப்பில் இடம்பெறாது. மூலத்தை மட்டும் தர வேண்டும். பொதுப் பட்டறையிலேதான் ஆக்கப்பட வேண்டும்.

நிற்க. ஒருமுறை ஆக்கியபின் வேலை முடிந்ததல்லவா, பிறகு பேணுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இதுதான் நான் சொல்ல வந்ததன் நடுப்புள்ளி. சென்ற ஆண்டு ஆன பொதி இந்த ஆண்டு ஆகாமற் போகும். அதில் ஓரெழுத்தும் மாறியிராது. மாறியது அதைச் சுற்றியுள்ள உலகம். எடுத்துக்காட்டாக, ஜி.சி.சி. என்னும் பெயர்பெற்ற கம்பைலரின் 14ஆம் பதிப்பு 2024 மே மாதம் வந்தது. முன்னறிவிப்பின்றி ஒரு செயற்கூறை அழைத்தால் அதுவரை எச்சரிக்கை மட்டுமே செய்து வந்த அந்தக் கம்பைலர், அன்று முதல் அதைப் பிழையென்று நிறுத்திவிட்டது. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த பழைய நிரல்கள் வரிசையாக முறிந்தன. எழுதியவர் சிலர் ஓய்வு பெற்றிருந்தனர், சிலர் மறைந்துவிட்டனர். யாரோ ஒருவர் அம்மூலத்தைத் திறந்து, படித்து, எழுதியவரின் கருத்துக் கெடாமல் ஓரிரு வரி சேர்த்து மறுபடி ஆக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பொதிகளுக்கு இதை யார் செய்வது?

இன்னொரு எடுத்துக்காட்டு. யூனிக்ஸ் வழி வந்த கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. பழைய 32 இலக்கக் கணக்கில் அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழிந்துவிடும். அன்று அக்கணினிகள் 1901ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிட்டதாக எண்ணும். அதைத் தடுக்க, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டெபியன் பட்டறையினர் சிறிய ஆர்ம் சிப்பு கொண்ட கணினிகளுக்கான பொதிகளில் காலக்கணக்கை 64 இலக்கத்துக்கு மாற்றினர். ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருப்பவை அனைத்தையும் மறுபடி ஆக்க வேண்டும். அடித்தளக் கல்லை மாற்றுவதற்காக மேலுள்ள சுவரை வரிசை வரிசையாகப் பிரித்து மீண்டும் அடுக்குவது போன்ற வேலை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் ஒரு நாளுக்காக அவர்கள் உழைத்தார்கள். வேலை சரியாக அமைந்தால் அந்த நாளில் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாமைதான் அவர்களின் வெற்றி. அதை யாரும் பாடப்போவதில்லை.

கவிஞர் பெருமக்களே, நம் இலக்கியம் நம்மிடம் வந்து சேர்ந்ததும் இவ்வழியேதான். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பூச்சியிலும் பனையோலை சில நூற்றாண்டு தாங்கினாலே பெரிது. சங்கப் புலவர் கைப்பட எழுதிய ஓலை ஒன்றேனும் இன்று உலகில் இல்லை. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது அவர் கையிலிருந்தவை, படியின் படியின் படி. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் மங்கிய ஏட்டை விளக்கருகில் வைத்து, புதிய ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவி வைத்தார். ஒரு தலைமுறை சோர்ந்திருந்தால் அந்நூல் அங்கேயே அறுந்திருக்கும். அறுந்து போன நூல்களின் பெயர்களை மட்டும் உரைகளில் படித்து நாம் பெருமூச்சு விடுகிறோம். நூல்களைப் பெட்டியில் பூட்டியதால் அவை வாழவில்லை. மீண்டும் ஆக்கப்பட்டதால் வாழ்ந்தன. பாடிய புலவரின் பெயரை நாம் அறிவோம். படியெடுத்தவரில் எத்தனை பேரை அறிவோம்?

அறியப்படாதவராக இருப்பது வருத்தம் மட்டுமன்று. அதில் ஆபத்தும் உண்டு. இதற்கு அண்மைய சான்று ஒன்று உள்ளது. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு நிரலைப் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்பவர் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் தனியொருவராகப் பேணி வந்தார். உலகின் எண்ணற்ற கணினிகள் அதை நம்பியிருந்தன. 2022இல் சிலர் அவரைப் பொதுவில் நெருக்கினர்: ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்றனர். தமக்கு மனநலச் சோர்வு உண்டு என்றும், இது ஊதியமில்லாப் பணி என்றும் அவர் மறைக்காமல் விடை எழுதினார். அந்நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பணிவோடும் உழைப்போடும் உதவிக்கு வந்தார். மெல்ல மெல்லப் பொறுப்பையும் பெற்றார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அப்பெயரில் வந்த இரு பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய ஒரு கள்ளக் கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

அது ஒளிந்திருந்த இடத்தைக் கவனியுங்கள். அனைவரும் படிக்கும் மூலநிரலில் அது வெளிப்படையாக இல்லை. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ஒரு பகுதி கிடந்தது. அதை எழுப்பும் சாவியோ, வெளியீட்டுக்காகக் கட்டிய மூட்டையின் ஆக்கும் கட்டளைகளில் மட்டும் இருந்தது. டெபியன் போன்ற பட்டறைகளில் பொதியாக ஆக்கப்படுகிறோமா என்று பார்த்து, ஆம் எனில் மட்டுமே அது விழித்துக்கொள்ளும். நெல்லிலும் நஞ்சு தெரியாது, சோற்றிலும் தெரியாது. உலையில் மட்டும் கலக்கும். அவ்வளவு நுட்பமாகப் பட்டறையையே குறிவைத்தார்கள்.

பிடிபட்ட விதம் அதைவிட வியப்பு. ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்னும் பொறியாளர் வேறொரு வேலைக்காக டெபியனின் இன்னும் நிலைப்படாத பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கண்டார். அரை விநாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. தோண்டித் துருவி உண்மையைக் கண்டு, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். ஓரசை மிகையானால் செவி உறுத்துகிறதே, அந்தச் செவி உங்களுக்கு உண்டு, அவர்க்கும் இருந்தது. நிலையான பதிப்புகளுக்குள் அது புகுவதற்குமுன் தடுக்கப்பட்டது. டெபியன், தன் அடுத்த திருத்தப் பதிப்பின் வெளியீட்டைத் தள்ளிவைத்து ஆராய்ந்தது.

இதில் லாசே காலினைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் தனியே சுமந்துகொண்டிருந்ததை ஆயிரம் நிறுவனங்கள் பயன்படுத்தின. சுமை மாற்ற ஒரு தோளும் வரவில்லை. வந்த ஒரே தோள் கள்வனுடையதாக அமைந்தது. தளர்ந்த கையிலிருந்துதான் விளக்குத் தவறும். விளக்கு எல்லார்க்கும் பொது என்றால், கை தளர்வதைப் பார்ப்பதும் எல்லார் கடமையே.

சரி, ஆக்கித் தருபவரை எப்படி நம்புவது? இக்கேள்வி பழையது. யூனிக்ஸை உருவாக்கிய அதே கென் தாம்சன் 1984இல் தம் டூரிங் விருது உரையில் இதை எழுப்பினார். மூலநிரலை எவ்வளவு கூர்ந்து படித்தாலும் போதாது. அதை மாற்றித் தரும் கம்பைலரே வஞ்சித்தால் என் செய்வீர் என்பது அவர் கேள்வியின் சாரம். அதற்கு முழு விடை இன்றும் இல்லை. ஆனால் டெபியனில் 2013 முதல் நடந்துவரும் ஒரு முயற்சி அவ்விடையை நோக்கிச் செல்கிறது. ஒரே மூலத்தை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆள்கள், வெவ்வேறு கணினிகளில் ஆக்கினாலும், முடிவில் கிடைக்கும் பொதி ஒரு புள்ளி வேறுபாடின்றி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அம்முயற்சி.

எளிதாகத் தோன்றும், எளிதன்று. ஆக்கிய நேரம் பொதிக்குள் பதிந்துவிடும். நாள் மாறினால் பொதி மாறும். ஆக்கியவரின் கோப்புறைப் பெயர் ஒட்டிக்கொள்ளும். கோப்புகளை எந்த வரிசையில் எடுத்தது என்பதுகூட மாற்றம் தரும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டு களைகிறார்கள். களைந்தபின், இருவர் ஆக்கியவை ஒத்திருந்தால் நம்பலாம். வேறுபட்டால் ஏன் என்று கேட்கலாம். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்த நம் பதிப்பாசிரியர்களின் நெறியும் இதுதானே? ஓர் ஏடு பொய்யுரைக்கலாம். தொலைதூரத்து மூன்று ஊர் ஏடுகள் ஒரே பொய்யை உரைப்பது அரிது. ஆகவே, ஒருவர் மட்டுமே ஆக்கவல்ல எதையும் முழுதாக நம்புவதற்கில்லை, அவர் எவ்வளவு நல்லவராயினும்.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை, தமிழ்க்கவிதைக்கும் இதற்கும் என்ன உறவு என்று இன்னும் எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வேன். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவில் அது ககரமும் அதன்பின் ஓர் உயிர்க்குறியுமாகவே உள்ளது. அக்குறியைப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்தி நம் கண்ணுக்குக் காட்டுவது வேறொரு நிரல். ஃபயர்பாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளும், லிப்ரே ஆபிஸும், ஆண்டிராய்டு கைப்பேசிகளும் இவ்வேலைக்கு நம்பியிருப்பது ஹார்ஃபஸ் என்னும் ஒரே நூலகத்தை. அப்பெயர்க்குப் பாரசீகத்தில் ‘திறந்த எழுத்து’ என்று பொருள். நீங்கள் கைப்பேசியில் எழுதும் கவிதைகளில் வரும் ‘கொடி’யும் ‘கோயி’லும் பெரும்பாலும் அதன் வழியாகவே வடிவு பெறுகின்றன. தமிழ் அறியாத பலர் அதைப் பேணுகிறார்கள். மலையாளக் கணினி ஆர்வலர் அமைப்பு ஒன்று மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவையே ஆக்கி நமக்கு இலவசமாகத் தந்திருக்கிறது. அவர்கள் பணி முறிந்தால் முதலில் முறிவது நம் எழுத்து.

முறிந்த அனுபவமும் நமக்கு உண்டு. 1990களில் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் புரியாக் கிறுக்கலாய்த் தெரிந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் முறைகளை ஏற்றது. 2010இல் யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட மலர்களும் தொகுப்புகளும் எத்தனை! வட்டு இருக்கிறது, கோப்பு இருக்கிறது, திறந்தால் தமிழ் இல்லை. ஏடு முழுதாக இருந்தும் எழுத்தறிவார் இல்லாத நிலை அது. மாற்றித் தரும் நிரல்கள் இன்று உண்டு. அந்நிரல்களையும் யாரேனும் பேணி ஆக்கிக்கொண்டிருந்தால்தான் நாளையும் உண்டு.

அன்பர்களே, இச்செய்தியை நம் செட்டிநாடு அறியாததன்று. நம் ஊர்களில் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடுகளைப் பாருங்கள். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாய் எத்தனை தலைமுறைக்குக் கட்டினார்கள்! பர்மாத் தேக்கும் முட்டை வெண்கரு சேர்ந்த சுண்ணப் பூச்சும் எளிதில் அழிவன அல்ல. ஆயினும் பூட்டிய வீடு விரைந்து பாழாகிறது. ஓடு நகர்ந்து ஒரு மழைநீர் இறங்கினால், உத்தரத்துக்குக் கறையான் ஏறுகிறது. எல்லார்க்கும் பங்குள்ள வீடு. ‘அடுத்த பங்காளி பார்த்துக்கொள்வார்’ என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டால் ஓட்டைத் திருப்பி வைக்க ஒருவரும் இல்லை. கணினி உலகின் பொது நிரல்கள் இன்று இருப்பது இந்நிலையில்தான்.

அதே மண்ணில் இதற்கு மாற்றும் உண்டு. நகரத்தார் தம் கோயிற்பணிக்கு வகுத்த முறையைச் சொல்கிறேன். திருமணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு வரி. யாரேனும் ஒரு பெருவள்ளலின் கையை எதிர்பார்த்து இருப்பதில்லை. இந்த முறையின் நயம், பணி தனியொருவர் அருளாக இல்லாமல் எல்லார் கணக்கிலும் ஏறியிருப்பது. 1939இல் இவ்வூரில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் அவர் காலத்துக்குப் பின்னும் விழா எடுத்து வருவதும் இவ்வகைப்பட்டதே. போட்ட பந்தலை யாரும் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போடுகிறோம். பந்தல் போடத் தெரிந்தவர் தொடர்ந்து இருப்பதுதான் சேமிப்பு.

பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் அறிக்கைகளையும் தேடித் தொகுத்தார். அவர் 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, அதைக் கொண்டு 1994இல் சென்னையில் நூலகம் அமையச் செய்தது. ஒருவர் தொகுத்ததைப் பேண ஓர் அமைப்புத் தேவைப்பட்டது. அவர்க்குப் பின் அடுத்த கை கிடைத்தது நம் நற்பேறு. கிடைக்காத முத்தையாக்கள் எத்தனை பேரோ!

ஆகவே, பத்தாம் ஆண்டில் நம் வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: பத்தாண்டுகளில் இங்கு அரங்கேறிய கவிதைகளையும் உரைகளையும் எளிய யூனிகோடு எழுத்தில் ஒருசேரத் தொகுத்து, எந்த எழுத்துரு, எந்த நிரல் கொண்டு மலர் ஆக்கப்பட்டது என்ற சீட்டையும் உடன் எழுதி வையுங்கள். ஆச்சியின் கையில் மட்டும் பக்குவம் இருத்தல் ஆகாது.

இரண்டு: ஆண்டுக்கொரு முறை, தொகுத்தவர் அல்லாத ஒருவர், தம் கணினியில், அந்தச் சீட்டை மட்டும் பார்த்து, மலரைத் தொடக்கத்திலிருந்து ஆக்கிக் காட்டட்டும். முறிகிற இடத்தைக் குறித்துத் திருத்துங்கள். பிறர் கையில் ஆகிவந்தால்தான் அது நம்முடையதாக நிலைக்கும்.

மூன்று: இப்பணிக்கு முறை வகுத்து, எப்போதும் இருவரை நியமியுங்கள். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் ஏந்துவார். ஆண்டறிக்கையில் கவிதை படித்தோர் பெயருக்குப் பக்கத்தில் அவ்விருவர் பெயரையும் அச்சிடுங்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். இது சிறு செயல். எக்ஸ்-இசட் கதையில் குறைந்தது இந்தச் சிறு செயல்தான்.

படியெடுப்பவன் புலவனைவிடப் பெரியவனா என்று யாரேனும் வினவலாம். பெரியவன் அல்லன். புலவன் ஒருமுறை பாடினான். அந்த ஒருமுறை இல்லையேல் படியெடுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒருமுறை பாடியது இரண்டாம் தலைமுறையின் காதில் விழ வேண்டுமானால், பாடாத ஒருவன் இரவில் விளக்கேற்றி அமர வேண்டியிருக்கிறது. இவ்வட்டத்தில் பாடுவோர் பெருகியிருக்கிறார்கள். விளக்கேற்றி அமர்வோர் இருவரையேனும் இன்றே தேர்ந்து, இருபதாம் ஆண்டு விழாவில் அவர்களை இம்மேடையில் ஏற்றுங்கள் என்று கேட்டு அமைகிறேன்.